பிளாஷுக்கு எதிராக ஒரு மடல்

பள்ளி அறிவியல் மன்றத்திற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய குறுந்தகடு ஒன்று என்னிடம் உள்ளது. இதயத்தின் நான்கு அறைகளும் சுருங்கி விரிவது, நிலவு வளர்ந்து தேய்வது, ஊஞ்சல்குண்டு இடமும் வலமும் ஆடுவது ஆகியவற்றை அசையும் படங்களாகக் காட்டும் பாடங்கள் அதில் உண்டு. சென்ற ஆண்டு அத்தகட்டைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தேன். படம் வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் ஒன்றே தெரிந்தது. தகட்டில் கீறல் இல்லை. கோப்புகள் அனைத்தும் பழுதின்றி இருந்தன. அவற்றைப் படித்துக் காட்டும் மென்பொருளைத்தான் உலகம் கைவிட்டுவிட்டது.

அம்மென்பொருளின் பெயர் பிளாஷ். 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதனை வெளியிட்டு வந்த அடோபி நிறுவனம் அதற்கு முடிவு கட்டியது. எனினும் அந்த முடிவு பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பர். ஆப்பிள் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரல் 29ஆம் நாள் ‘பிளாஷ் பற்றிய எண்ணங்கள்’ என்னும் பொருள்பட ஒரு திறந்த மடலை வெளியிட்டார். தம் நிறுவனத்தின் ஐபோனிலும் ஐபேடிலும் பிளாஷுக்கு ஏன் இடமில்லை என்பதற்கு அதில் அவர் ஆறு காரணங்கள் கூறினார். சில பக்கங்களே கொண்ட அம்மடல் கணிப்பொறித் துறையில் ஏற்படுத்திய விளைவு பெரிது. ஆதலால், நூலொன்றைத் திறனாய்வு செய்வது போலவே இதனையும் எடுத்து ஆராய்வது தகும். அவர் சொன்ன காரணங்களுள் எவை மெய், எவை அரைமெய், எவை சொல்லப்படாமல் விடப்பட்டவை என்று காண்போம்.

பிளாஷ் பிறந்த கதை

முதலில் பிளாஷ் என்பது யாது எனத் தெரிந்து கொள்ள வேண்டும். 1990களின் நடுவில் வீடுகளிலிருந்து இணையத்தை அடையத் தொலைபேசிக் கம்பியே வழியாக இருந்தது. அவ்வழியில் அதிகமாகப் போனால் நொடிக்கு 56,000 துணுக்குகள், அதாவது 7,000 பைட்டுகள் வரும். 3,50,000 பைட்டுகள் கொண்ட ஒரே ஒரு நிழற்படம் வந்து சேர 50 நொடிகள் ஆகும். இந்நிலையில் அசையும் படத்தை அனுப்புவது எங்ஙனம்?

ஜானதன் கே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒரு வட்டத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பினால் ஆயிரக்கணக்கான எண்களை அனுப்ப வேண்டும். அதற்கு மாறாக, ‘மையம் இது, ஆரம் இது, நிறம் இது’ என்று மட்டும் அனுப்பினால் சில எண்கள் போதும். வரைகின்ற வேலையைப் பெறுகின்ற கணிப்பொறியே செய்து கொள்ளும். வட்டம் நகர வேண்டுமா? தொடக்க இடத்தையும் முடிவிடத்தையும் சொன்னால் இடைப்பட்ட நிலைகளையும் அதுவே கணக்கிட்டுக் கொள்ளும். இக்கருத்தில் எழுந்த மென்பொருள் 1996இல் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் மேக்ரோமீடியா என்னும் நிறுவனம் அதை வாங்கிப் பிளாஷ் எனப் பெயரிட்டது. 2005இல் அடோபி, மேக்ரோமீடியாவையே வாங்கிக் கொண்டது. யூடியூப் அதே 2005இல் தோன்றியபோது அதன் படங்கள் பிளாஷ் வழியாகவே ஓடின.

இங்கு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பிளாஷ் உலாவியின் உறுப்பன்று. உலாவியினுள் செருகப்பட்ட வேற்று நிரல். உலாவிகளுக்குப் பொதுவான வலைமொழியாகிய எச்.டி.எம்.எல். அந்நாளில் எழுத்தையும் அசையாப் படத்தையும் மட்டுமே செவ்வையாகக் காட்ட வல்லதாக இருந்தது. அதனால் இயலாதவற்றை இந்த விருந்தாளி செய்து கொடுத்தது. விருந்தாளி என்றாலும் வீட்டின் எல்லா அறைகளுக்கும் திறவுகோல் பெற்ற விருந்தாளி.

மெய்யான காரணம்

ஜாப்ஸ் கூறிய ஆறும் வருமாறு: பிளாஷ் ஒரே நிறுவனத்தின் உடைமை, அஃதின்றியும் இணையத்தின் பெரும்பகுதியைக் காணலாம், அது பாதுகாப்பற்றது, அடிக்கடி நின்றுவிடுவது, மின்கலத்தை விரைவில் தீர்ப்பது, விரல் தொடுகைக்கு ஏற்காதது, இறுதியாக, ஆப்பிளுக்கும் நிரல் எழுதுவோருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது.

இவற்றுள் மூன்றாவது காரணத்தை எவரும் மறுக்க இயலாது. வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பையும் பிரித்துப் படிக்கும் நிரல், தவறாக அமைக்கப்பட்ட கோப்பு வந்தாலும் தடுமாறாது இருக்க வேண்டும். இத்தனை பைட்டுகளே வரும் என்று எண்ணி ஒதுக்கிய நினைவக இடத்தில் கூடுதலாக வந்து விழுந்தால், அடுத்த அறையில் உள்ள கட்டளைகள் அழிந்து, அவ்விடத்தில் அயலான் எழுதிய கட்டளைகள் அமர்ந்துவிடும். பிளாஷில் இத்தகைய ஓட்டைகள் ஆண்டுதோறும் வெளிப்பட்டன. 2015 சூலையில் இத்தாலிய உளவு மென்பொருள் நிறுவனம் ஒன்றின் ஆவணங்கள் திருடப்பட்டு வெளியானபோது, அதுவரை எவரும் அறியாத பிளாஷ் ஓட்டைகளை அந்நிறுவனம் கையிருப்பாக வைத்திருந்தது தெரிய வந்தது. உடனே பயர்பாக்சு உலாவி பிளாஷைத் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்தியது. மடல் எழுதி ஐந்தாண்டுகள் கழித்து நடந்த இது, அதன் ஆசிரியர் மிகைப்படுத்தவில்லை என்பதற்குச் சான்று.

வேகத்தைப் பற்றிய குறையும் பொருந்தியது. கைப்பேசியில் பிளாஷ் 2009 தொடக்கத்தில் வரும் என்றனர். பிறகு அவ்வாண்டின் பிற்பகுதி என்றனர். பிறகு 2010இன் முற்பகுதி, பின் பிற்பகுதி என்றனர். இந்தத் தவணைகளை மடல் வரிசையாக எடுத்துக் காட்டுகிறது. அம்மடலிலேயே மிகக் கூர்மையான பகுதி அதுவே எனலாம்; வசை ஒன்றுமின்றி நாள்களை மட்டும் அடுக்கி எதிரியை வாயடைக்கச் செய்கிறது.

அரைமெய்கள்

மின்கலம் பற்றிய நான்காவது காரணம் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று. படக்காட்சி அப்படியே அனுப்பப்படுவதில்லை, சுருக்கி அனுப்பப்படுகிறது. பெறுமிடத்தில் அதனை விரிக்க வேண்டும். விரிக்கும் வேலையைக் கணிப்பொறியின் பொதுச் செயலகம் செய்தால் ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, பொருள் உணர்ந்து, நிறைவேற்ற வேண்டும். இதற்கெனவே அமைத்த தனிச் சுற்று இருந்தால் கட்டளை எடுக்கும் வேலையே இல்லை; எண்கள் ஒரு புறம் நுழைந்து மறு புறம் படமாக வெளிவரும். செலவாகும் மின்னாற்றல் மிகக் குறைவு. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் சுருக்கமுறைக்கு அத்தகைய தனிச் சுற்று கைப்பேசிச் சில்லுகளில் இருந்தது. ஆகவே அம்முறையில் அமைந்த படத்தை ஐபோன் 10 மணி நேரம் வரை ஓட்டும் என்றும், பழைய முறைகளில் அமைந்ததை 5 மணி நேரம்கூட ஓட்டாது என்றும் மடல் கூறுகிறது.

இந்தக் கணக்கில் பிழையிருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது யார்? பழைய சுருக்கமுறையே அன்றிப் பிளாஷ் அன்று. 2007 டிசம்பர் முதலே பிளாஷும் எச்.264 படங்களைக் காட்டி வந்தது; மடலும் அதை ஒப்புக்கொள்கிறது. பெரும்பாலான தளங்கள் பழைய முறையிலேயே படங்களை வைத்திருந்தன என்பது வேறு செய்தி. வண்டியில் ஏற்றிய சுமைக்காக வண்டியைப் பழித்தது போன்றது இவ்வாதம்.

தொடுகை பற்றிய ஐந்தாவது காரணம் இன்னும் வலுவற்றது. சுட்டெலியை ஒரு படத்தின்மேல் கொண்டு சென்றால், அழுத்தாமலே பட்டியல் விரியும்படி பிளாஷ் பக்கங்கள் பல அமைக்கப்பட்டிருந்தன. விரலுக்கு ‘மேலே நிற்றல்’ என்ற நிலை இல்லை. ஒன்று தொடும், அல்லது தொடாது. ஆகவே அப்பக்கங்களைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும் என்கிறார் ஜாப்ஸ். உண்மை. ஆனால் எச்.டி.எம்.எல். பக்கங்களிலும் இதே பழக்கம் பரவியிருந்தது! அவற்றை மட்டும் ஐபோன் உலாவி ஒருவாறு சமாளித்துக் காட்டியதே? ஒருவர்க்குக் குற்றமாவது மற்றவர்க்கும் குற்றமாக வேண்டாமா?

முதற்காரணத்தில்தான் மடலின் பெருமிதமும் அதன் வழுக்கலும் ஒருங்கே இருக்கின்றன. பிளாஷ் முற்றிலும் ஒரு நிறுவனத்தின் உடைமை. இணையமோ எல்லாருக்கும் பொதுவான தர அளவைகளால் இயங்க வேண்டும் என்பது வாதம். ஆப்பிளிடமும் தனியுடைமைப் பொருள்கள் பல உண்டு என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். கருவி எவருடையதாயினும் ஆகுக, கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்னும் இந்த வேறுபாடு நேர்மையானதே. அளவுகோலைச் செய்து விற்பவர் யாராகவும் இருக்கலாம்; சென்டிமீட்டர் ஒருவருடைய சொத்தாக இருக்கலாகாது.

ஆயினும் அவர் பொதுமொழி என்று காட்டிய எச்.டி.எம்.எல்.5 அந்நாளில் முடிவு பெறாத வரைவாகவே இருந்தது. 2004இல் ஆப்பிள், மோசில்லா, ஓப்பெரா ஆகிய மூன்றும் கூடித் தொடங்கிய அப்பணி, உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் முறையான பரிந்துரையாக வெளிவந்தது 2014 அக்டோபர் 28ஆம் நாள்தான். மேலும், அவர் போற்றிய எச்.264 பொதுச்சொத்தன்று. பல நிறுவனங்களின் காப்புரிமைகள் அதில் அடங்கியிருந்தன. உலாவி செய்வோர் உரிமத் தொகை கட்ட வேண்டும். இதனாலேயே பயர்பாக்சு அந்நாளில் அதனை ஏற்க மறுத்தது. சிசுகோ நிறுவனம் தானே தொகை கட்டி இலவசமாக வழங்க முன்வந்த பிறகே அச்சிக்கலின் ஒரு முடிச்சு தளர்ந்தது, அது 2013இல். மடலில் திறந்த தர அளவை என்ற சொல் வருமிடங்களில் எல்லாம் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மறுபக்கத்தில், பிளாஷும் அவர் சொன்ன அளவுக்கு மூடிய பெட்டியாக இல்லை. அதன் கோப்பு அமைப்பை விளக்கும் ஆவணம் வெளியிடப்பட்டிருந்தது. அதைக் கொண்டு வேறு எவரும் ஓட்டி செய்யலாகாது என்றிருந்த கட்டுப்பாட்டையும் 2008 மே மாதத்தில் அடோபி நீக்கியது. மூடியிருந்தது அடோபியின் ஓட்டிதான்; கோப்பின் இலக்கணம் அன்று. இந்தச் சிறு வேறுபாடு பிற்காலத்தில் எத்துணைப் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆறாவது காரணம்

மடல் தானே தன் இதயத்தை இறுதியில் திறந்து காட்டுகிறது. ஆறாவது காரணமே தலையாயது என்று ஜாப்ஸ் வெளிப்படையாக எழுதுகிறார். நிரல் எழுதுவோர் அடோபியின் கருவியில் ஒருமுறை எழுதி, அதனையே ஐபோனிலும் பிறர் கைப்பேசிகளிலும் ஓட்டலாம் என்று வந்தால் என்ன ஆகும்? ஆப்பிள் தன் கருவியில் ஒரு புதுத்திறனைச் சேர்த்தாலும், அடோபி அதனைத் தன் கருவியில் சேர்க்கும் வரை எவரும் பயன்படுத்த இயலாது. எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ள பொதுத்திறன்களுக்கு மேல் எதுவும் எழாது. இஃது ஒரு பொறியாளரின் அச்சம்; நியாயமானதும்கூட.

ஆனால் இதே வாதத்தை எடுத்து மடலின் முற்பகுதியோடு பொருத்திப் பாருங்கள். ‘ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு’ என்பதுதானே திறந்த வலைத் தர அளவையின் உயிர்! எல்லா உலாவிகளும் ஏற்ற பின்னரே ஒரு புதுத்திறனைப் பயன்படுத்த இயலும் என்னும் குறை அதற்கும் உண்டு. பிளாஷ் செய்தால் குற்றம் என்று ஆறாம் பத்தியில் சொன்னதையே, எச்.டி.எம்.எல். செய்வதால் சிறப்பு என்று முதற் பத்தியில் சொல்லிவிட்டார். இவ்விரண்டையும் ஒருவர் ஒருசேர நம்ப இயலாது. இயலும், ஒரே ஒரு நிலையில்: வலைமொழி தம் கடையில் விற்கும் செயலிகளுக்குப் போட்டியாக வளராது என்று அவர் எண்ணியிருந்தால்.

இப்படி ஐயுறுவதற்கு இடமிருக்கிறது. 2007 சூனில் ஐபோனுக்குச் செயலி எழுத விரும்பியோரிடம், வலைமொழியிலேயே எழுதுங்கள் என்று ஜாப்ஸ் கூறினார். அவ்வாண்டு அக்டோபரிலேயே நிலை மாறிற்று. 2008 சூலையில் செயலிக் கடை திறக்கப்பட்டது. விற்கும் விலையில் நூற்றுக்கு 30 பங்கு கடைக்காரருக்கு. மடல் வெளிவருவதற்கு மூன்று வாரங்கள் முன்பு, 2010 ஏப்ரல் 8ஆம் நாள், பிறர் கருவிகளில் எழுதி மாற்றிக் கொண்டுவரும் செயலிகளைக் கடையில் ஏற்பதில்லை என்று ஒப்பந்தம் திருத்தப்பட்டது. மடல் எழுந்தது அத்திருத்தத்தால் மூண்ட சண்டையின் நடுவேதான். அடுத்த செப்டம்பரிலேயே அந்தத் தடையை ஆப்பிள் பெரும்பாலும் விலக்கிக் கொண்டது. தலையாய காரணம் என்று உலகறியச் சொன்ன ஒன்று ஐந்து மாதம்கூட நிலைக்கவில்லை.

பின்பு நடந்தவை

அடோபியின் நிறுவனர்களான ஜான் வார்னாக்கும் சார்லசு கெசுக்கியும் மே 13ஆம் நாள் மறுப்பு மடல் எழுதினர். அது விளம்பரம் போன்றது. நம் ஆய்வுக்கு உரியதன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பிளாஷ் 2010 சூனில் வந்தது, தடுமாறியே ஓடியது. 2011 நவம்பர் 9ஆம் நாள் கைப்பேசி உலாவிகளுக்கான பிளாஷைக் கைவிடுவதாக அடோபியே அறிவித்தது. ஜாப்ஸ் அதைக் காணவில்லை. ஒரு மாதத்திற்கு முன் காலமாகிவிட்டார். 2015 சனவரியில் யூடியூப் எச்.டி.எம்.எல்.5 வழிக்கு மாறியது. எஞ்சியதைத் தொடக்கத்தில் சொன்னேன்.

ஆகவே முடிவைப் பொறுத்தமட்டில் மடல் வென்றது. வெற்றி எவ்வாறு அமைந்தது என்பதே கேள்வி. 2021 சனவரி 12க்குப் பின் எந்தக் கோப்பையும் ஓட்டாதபடி அடோபி தன் ஓட்டியினுள்ளேயே ஒரு நாட்குறிப்பை வைத்திருந்தது. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் வரிப் படிவங்கள் சில பிளாஷில் இருந்தமையால், அவற்றைத் திறப்பதற்கென்றே அத்துறை தனி உலாவி ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. மூன்றரை ஆண்டு முன்னறிவிப்பு இருந்தும் இந்நிலை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் திட்டம் முன்யோசனையோடு நடந்து கொண்டது. ஜாவாவிலும் பிளாஷிலும் இருந்த தன் இயற்பியல், வேதியியல் செய்முறைப் படங்களை ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒவ்வொன்றாக எச்.டி.எம்.எல்.5இல் மறுபடி எழுதியது. தமிழிலும் கிடைக்கும் அப்படங்களை நம் மாணவர்கள் இன்று கைப்பேசியிலேயே இயக்கிப் பார்க்கலாம். அத்தகைய ஆள்பலமும் பொருள்பலமும் எத்தனை பேருக்கு உண்டு? சிறிய ஊர்ப் பதிப்பகம் செய்த குறுந்தகட்டுக்கு யார் மறுபடி எழுதுவார்?

திறந்த தர அளவைக்குத் தந்த உறுதிமொழி எவ்வாறு காக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வலைப்பக்கமே செயலிபோல் இயங்கி, உரியவருக்கு அறிவிப்பு அனுப்பும் வசதியை ஆண்ட்ராய்டில் குரோம் உலாவி 2015இல் தந்தது. ஐபோனுக்கு அது வந்தது 2023 மார்ச்சில், எட்டாண்டு இடைவெளி. ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே ஓடும் பொறி ஆப்பிளின் வெப்கிட் ஆகவே இருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றிய பிறகே, 2024 மார்ச்சில், அந்நாடுகளில் மட்டும் விதி தளர்ந்தது. அப்போதும் வலைச்செயலிகளை முகப்புத் திரையில் வைக்கும் வசதியை அங்கே நீக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு எழுந்ததும் ஆப்பிள் பின்வாங்கியது. தர அளவை பொதுவாக இருக்கலாம். அதனை எப்போது, எவ்வளவு நிறைவேற்றுவது என்னும் சாவி ஒருவர் மடியில் இருந்தால் பொதுமை பெயரளவே.

இன்னுமொரு செய்தி. பிளாஷ் இல்லாக் குறையே தெரியாது என்பதற்குச் சான்றாகக் கடையில் உள்ள இரண்டு இலட்சம் செயலிகளை மடல் காட்டுகிறது. அவை அனைத்தும் 32 துணுக்கு முறையில் எழுதப்பட்டவை. 64 துணுக்கு ஐபோன் வந்ததே 2013இல். 2017இல் ஆப்பிள் தன் புதிய இயக்க மென்பொருளில் 32 துணுக்குச் செயலிகளை அடியோடு நிறுத்தியது. திருத்தி எழுதப்படாத எதுவும் இன்றைய ஐபோனில் திறவாது. மடல் வாழ்த்திய அந்தச் செயலிகள், மடல் இகழ்ந்த பிளாஷுக்கு மூன்றாண்டு முன்பே மறைந்தன. அதே 2010இல் எழுதிய எளிய எச்.டி.எம்.எல். பக்கம் இன்றும் திறக்கிறது. திறந்த தர அளவைக்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை. மடலின் ஆசிரியர் எண்ணிப் பார்த்திராத சான்று என்பதே வேடிக்கை.

குறுந்தகட்டின் கதை இன்னும் முடியவில்லை. வெளியிடப்பட்டிருந்த பிளாஷ் கோப்பு இலக்கணத்தை வைத்துக் கொண்டு, தன்னார்வலர் சிலர் ரபிள் என்னும் புது ஓட்டியை எழுதி வருகின்றனர். அது செருகுநிரலன்று. 2019 டிசம்பரில் வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த வெப் அசெம்பிளி என்னும் திறந்த அளவையில் அமைந்து, உலாவியின் வேலிக்குள்ளேயே ஓடுவது. விருந்தாளிக்கு இப்போது வீட்டுத் திறவுகோல் கிடையாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகம் 2020 நவம்பர் முதல் பழைய பிளாஷ் படங்களை இதன் வழியே காட்டி வருகிறது. எளிய படங்கள் நன்கு ஓடுகின்றன. பிற்காலத்துச் சிக்கலான நிரல்கள் சிலவற்றில் இன்னும் குறையுண்டு.

என் தகட்டிலிருந்த கோப்புகளை நண்பர் ஒருவர் இவ்வோட்டியில் இட்டுத் தந்தார். நிலவு வளர்ந்து தேய்ந்தது. ஊஞ்சல்குண்டு ஆடியது. அடுத்த வீட்டுப் பையன் தன் தந்தையின் ஐபோனில் அதே பக்கத்தைத் திறந்தான், அதிலும் ஆடியது. இதயப் பாடத்தில் மட்டும் துடிப்பின் ஓசை, அறைகள் சுருங்கி முடித்த பின்பே கேட்கிறது.